நேரில் கண்டு அளிக்கும் சான்று: அமெரிக்க மாநிலங்களின் நோட்டரிச் சட்டங்கள்

வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் உள்ள நிலத்தை விற்கப் பவர் எழுதி அனுப்புவது நேற்றுத் தொடங்கிய பழக்கமன்று. ஜுக்ராஜ் சிங் – ஜஸ்வந்த் சிங் வழக்கில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எழுதி அனுப்பப்பட்ட இரண்டு பவர் பத்திரங்களை இந்திய உச்ச நீதிமன்றம் அருகருகே வைத்துப் பார்த்தது. தீர்ப்பு 1971-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வெளிவந்தது. முதல் பத்திரத்தில் நோட்டரியின் கையெழுத்து இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்தவர் இன்னார்தான் என்று தாம் அறிந்துகொண்டதாக அவர் எங்கும் குறிப்பிடவில்லை. இரண்டாவதில் அந்தக் குறிப்பு இருந்தது. முதல் பத்திரம் சட்டப்படி உறுதி செய்யப்பட்டதாக நீதிமன்றம் ஏற்கவில்லை, இரண்டாவதை ஏற்றது. ஒப்புதல் சான்றுக்குக் கலிபோர்னியாச் சட்டம் வகுத்திருந்த வாசகத்தையும் நீதிபதிகள் தேடி எடுத்துப் பார்த்தார்கள்.

நோட்டரியைப் பற்றி அறிய வேண்டியதில் பெரும்பகுதி இந்த வழக்கில் அடங்கிவிடுகிறது. ஆளை நேரில் கண்டார், யாரென்று உறுதிசெய்தார், அதை எழுத்தில் வைத்தார் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் சான்று. அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஆளை நியமிப்பதும், விதி வகுப்பதும், தவறினால் தண்டிப்பதும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. 50 மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் தத்தம் சட்டங்களை வைத்திருக்கின்றன. அங்கே வாழும் தமிழர் பலர், பகுதி நேர வருமானத்துக்காகவோ சுற்றியுள்ளவர்களுக்கு உதவவோ, நோட்டரி ஆகலாமா என்று கேட்கிறார்கள். ஆவது எளிது. தன் மாநிலம் எதைக் கேட்கிறது, எதைத் தடுக்கிறது என்று முழுதாக அறிந்து அந்த நாற்காலியில் உட்காருவதுதான் கடினம். இந்த அறிவைப் புகட்டும் பொறுப்பைச் சில மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. சில இன்னும் கைகழுவுகின்றன என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் நோட்டரி என்றால் வழக்கறிஞர். இந்தியாவின் 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டமும் 1956-ஆம் ஆண்டு விதிகளும் அப்படித்தான் வைத்திருக்கின்றன: பொதுவாக 10 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு. இலங்கைத் தமிழருக்கோ நொத்தாரிசு இன்னும் பெரிய ஆள். அங்கே காணி உறுதியை எழுதி, சாட்சிகளை வைத்து, முடித்துக் கொடுப்பவரே அவர்; அவர் கைபடாமல் காணி கைமாறாது. இந்த இரண்டு படங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க நோட்டரியிடம் போனால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே வங்கிக் காசாளர், கூரியர் கடை ஊழியர், வீட்டிலிருந்து வேலை செய்யும் தாய், ஓய்வுபெற்ற ஆசிரியர் என யாரும் நோட்டரியாக இருக்கலாம். சட்டப் படிப்பு தேவையில்லை. பத்திரம் எழுதித் தரவும், அது சரியா என்று சொல்லவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

இதற்கு விலக்கு லூயிசியானா. பிரெஞ்சு, ஸ்பானியச் சட்ட மரபு தங்கிவிட்ட அந்த மாநிலத்தில் நோட்டரி பத்திரங்களைத் தாமே எழுதலாம். நோட்டரி முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுதப்படும் பத்திரத்துக்கு அங்கே தனி மதிப்பு. நியமனம் வாழ்நாள் முழுவதற்கும். அதற்கேற்ப, வழக்கறிஞர் அல்லாதவர் எழுத வேண்டிய தேர்வும் கடுமையானது, தேறுபவர் குறைவு. இலங்கைத் தமிழர் யாராவது அமெரிக்காவில் தம் ஊர் நொத்தாரிசைத் தேடினால் ஓரளவு சாயல் தெரியும் இடம் அது.

பொதுவான தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயது 18, நெப்ராஸ்காவில் 19. அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். சில மாநிலங்களில் அங்கே வேலை பார்த்தாலும் போதும். கடுங்குற்றத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். நியமிப்பவர் பெரும்பாலும் மாநிலச் செயலாளர். புளோரிடாவிலும் மாசசூசெட்ஸிலும் ஆளுநர். ஜார்ஜியாவில் கவுன்ட்டி உயர் நீதிமன்றத்தின் கிளார்க். பதவிக் காலம் பல மாநிலங்களில் 4 ஆண்டு. நியூ ஜெர்சியில் 5, மாசசூசெட்ஸில் 7, தென் கரோலினாவில் 10.

குடியுரிமை பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம்மவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு காலத்தில் டெக்சஸ் மாநிலம், அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே நோட்டரி ஆகலாம் என்று வைத்திருந்தது. மெக்சிகோவில் பிறந்து டெக்சஸில் நிரந்தர வசிப்பு உரிமையுடன் வாழ்ந்த ஒருவர், இடம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சட்ட உதவிப் பணி செய்துவந்தார். அவர்களிடம் சத்தியப் பிரமாணம் வாங்க நோட்டரி அதிகாரம் தேவைப்பட்டது. விண்ணப்பித்தார், குடிமகன் இல்லை என்று மறுத்தார்கள். பெர்னல் – ஃபெயின்டர் என்ற அந்த வழக்கில் 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அந்த விதியை அடித்துத் தள்ளியது. நோட்டரியின் வேலை எழுதி வைத்த விதியைப் பின்பற்றுவது, அரசின் கொள்கையை வகுப்பதன்று. ஆகவே குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க நியாயமில்லை என்பது தீர்ப்பின் சாரம். இன்று கிரீன் கார்டு வைத்திருப்பவர் நோட்டரி ஆவதற்கு வழி திறந்திருப்பது அந்தச் சட்ட உதவி ஊழியரால்தான். தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் மட்டும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்: மாநிலம் நியமிக்குமா, விசா அந்த வருமானத்தை அனுமதிக்குமா? முதலாவதற்கு ஆம் என்று பதில் வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று வரலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கட்டணம் வாங்கத் தொடங்கக் கூடாது.

கலிபோர்னியாவில் ஒருவர் நோட்டரி ஆகும் வழியைக் கிட்ட நின்று பார்த்தால் ஒரு கண்டிப்பான சட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். முதலில் 6 மணி நேர வகுப்பு. பிறகு கண்காணிப்பாளர் முன் எழுதும் தேர்வு. 70 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கைரேகைகளை லைவ் ஸ்கேன் கருவியில் பதிந்து கொடுத்தால், மாநில நீதித் துறையும் எஃப்பிஐயும் பழைய குற்றப் பதிவுகளைப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் நியமனக் கடிதம் வரும். பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. பதவிக் காலம் தொடங்கிய 30 நாளுக்குள் 15,000 டாலர் ஜாமீன் பத்திரமான பாண்டையும் உறுதிமொழியையும் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அந்த நியமனம் செல்லாது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். முத்திரையையும் நினைத்த கடையில் செய்துகொள்ள முடியாது. மாநிலச் செயலாளர் தரும் அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான், அங்கீகாரம் பெற்ற கடைக்காரர் செய்து தருவார்.

இதற்கு எதிர்முனையில், விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்தால் முத்திரை கைக்கு வந்துவிடும் மாநிலங்கள் இருக்கின்றன. மின்னசோட்டாவில் தேர்வும் இல்லை, பாண்டும் இல்லை. வர்ஜீனியாவிலும் தேர்வு இல்லை. நியூயார்க்கில் தேர்வு உண்டு, பாண்டு இல்லை. புளோரிடாவில் 3 மணி நேர வகுப்பும் 7,500 டாலர் பாண்டும். வட கரோலினாவில் வகுப்பும் தேர்வும் சமுதாயக் கல்லூரிகள் வழியாக நடக்கின்றன. டெக்சஸ் நெடுங்காலம் பயிற்சி கேட்காமலே 10,000 டாலர் பாண்டோடு விட்டுவந்தது. 2025-ல் இயற்றிய சட்டத்தால் பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கியது. ஆள் நேரில் வரவில்லை என்று தெரிந்தே சான்று கொடுப்பதையும் அதே சட்டம் குற்றமாக்கியது. இந்தத் திருத்தம் எப்போதோ வந்திருக்க வேண்டும். ஒருவரின் வீடு கைமாறும் பத்திரத்தில் முத்திரை வைக்கும் அதிகாரத்தை, அதன் விதிகளை ஒருமுறைகூடப் படிக்காதவர் கையில் கொடுப்பது எந்த அரசுக்கும் அழகில்லை.

பாண்டைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. தனக்கான காப்பீடு என்று புது நோட்டரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது பொதுமக்களுக்கான ஜாமீன். நோட்டரியின் தவறால் ஒருவருக்கு நட்டம் வந்தால் பாண்டு கொடுத்த நிறுவனம் அவருக்குப் பணம் கொடுக்கும். பிறகு அந்தத் தொகையை நோட்டரியிடம் கேட்டு வாங்கும். நோட்டரிக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், கவனக் குறைவுக்கான காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் வீட்டுக் கடன் பத்திரங்களுக்குப் போய்க் கையெழுத்து வாங்கும் வேலையை எடுப்பவர் அது இல்லாமல் இறங்கக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். நோட்டரியின் அன்றாடத்தில் இரண்டு வகைச் சான்றுகளே மிகுதி. ஒன்று ஒப்புதல் சான்று: கையெழுத்திட்டவர் நேரில் வந்து, இது என் கையெழுத்து, மனமொப்பிப் போட்டேன் என்று சொல்கிறார். முன்பே போட்ட கையெழுத்தாகவும் இருக்கலாம். பவர் பத்திரமும் கிரயப் பத்திரமும் இந்த வகை. மற்றது பிரமாணச் சான்று: நோட்டரி முன்னால் சத்தியம் செய்து, அவர் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும். அபிடவிட் இந்த வகை. வந்தவர் பத்திரத்தில் எந்தச் சான்று வேண்டும் என்று அச்சாகியிருந்தால் சிக்கல் இல்லை. அச்சாகவில்லை என்றால், “நீங்களே பார்த்து ஏதாவது ஒன்றைப் போடுங்கள்” என்பார். அங்கேதான் நோட்டரி கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று விளக்கலாம். எது வேண்டும் என்று தேர்ந்து கொடுத்தால் அது சட்ட ஆலோசனை. வழக்கறிஞர் அல்லாதவர் அதைச் செய்வது மாநிலச் சட்டப்படி குற்றம்.

சான்றின் தலைப்பில் மாநிலம், கவுன்ட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். கையெழுத்து நடக்கும் இடத்தை அங்கே எழுத வேண்டும். நிலம் திருநெல்வேலியில் இருக்கிறது என்பதற்காகத் திருநெல்வேலி என்று எழுதிவைத்தால் திருத்தி எழுத வேண்டிவரும். நோட்டரியின் அதிகாரமும் பொதுவாக மாநில எல்லையோடு நின்றுவிடும். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் நியமனம் பெற்றவர், ஆற்றைக் கடந்து நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தான் வேலை செய்யும் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த முத்திரையை வைக்க முடியாது. நியூயார்க்கில் வேலை பார்ப்பவர் அங்கே தனியாக நியமனம் பெறலாம்.

சத்தியம் வாங்கும் அதிகாரம் எவ்வளவு பழையது, அதன் எல்லை எங்கே என்பதற்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சி இருக்கிறது. 1923 ஆகஸ்ட் 2 அன்று அதிபர் ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். துணை அதிபர் கால்வின் கூலிட்ஜ் அப்போது வெர்மான்ட் மாநிலத்தில் பிளிமத் நாட்ச் என்ற சிற்றூரில் தந்தை வீட்டில் இருந்தார். தந்தை ஜான் கூலிட்ஜ் ஒரு நோட்டரி. ஆகஸ்ட் 3 அதிகாலை 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கொளியில், மகனுக்குத் தந்தையே அதிபர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஒரு மாநில அதிகாரி மத்திய அரசுப் பதவிக்குப் பிரமாணம் செய்துவைக்கலாமா என்ற ஐயம் பிறகு எழுந்தது. சில நாள் கழித்து வாஷிங்டனில் நீதிபதி ஒருவர் முன் கூலிட்ஜ் மறுபடி பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே சான்று என்பதை இன்றைய சட்டங்கள் வெவ்வேறாகப் பார்க்கின்றன. புளோரிடாவில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் கையெழுத்துக்கு நோட்டரி சான்று கொடுக்கவே கூடாது. கலிபோர்னியாவில் உறவு மட்டுமே தடையாகாது. அந்தப் பத்திரத்தால் நோட்டரிக்கு நேரடிப் பணப் பலன் இருந்தால் தடை. என் கருத்தில் புளோரிடாவின் விதியே நல்லது. சொத்துத் தகராறு பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் வருகிறது. மகன் முத்திரை வைத்த தந்தையின் பத்திரத்தை மகள் நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு அதிக நேரம் ஆகாது. சட்டம் தடுக்காத மாநிலத்திலும் உறவினர் பத்திரத்தை இன்னொரு நோட்டரியிடம் அனுப்பிவிடுவதே முறை.

ஆளை அடையாளம் காண்பதில் மாநிலங்கள் எவ்வளவு விலகிப் போகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். முதலில் சொன்ன ஜுக்ராஜ் சிங் வழக்கின் காலத்தில் கலிபோர்னிய நோட்டரி, இவர் எனக்கு அறிமுகமானவர் என்று எழுதிக் கையெழுத்திடலாம். 2008 ஜனவரி முதல் அங்கே அது செல்லாது. பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும் அடையாள அட்டை வேண்டும். இல்லையென்றால், சட்டம் சொல்லும்படி சாட்சிகள் சத்தியம் செய்து அடையாளம் காட்ட வேண்டும். புளோரிடாவிலும் டெக்சஸிலும் நேரடி அறிமுகம் இன்னும் செல்லும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கலிபோர்னியா ஏற்கும்; புளோரிடாச் சட்டமோ வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் முத்திரையை எதிர்பார்க்கிறது. ஆதாரும் பான் அட்டையும் கலிபோர்னியாவின் பட்டியலில் இல்லை.

அட்டை இருந்தாலும் பெயர் பொருந்த வேண்டும். நம் பெயர்கள் அங்கே படும் பாடு தனி. பட்டாவில் ‘ரா. கணேசன்’. பாஸ்போர்ட்டில் ராமசாமி குடும்பப் பெயராகவும் கணேசன் இட்ட பெயராகவும் இருக்கும். வக்கீல் அனுப்பிய வரைவில் ‘ஆர். கணேசன் என்கிற கணேசப் பிள்ளை’ என்றிருக்கும். நோட்டரிகள் கைக்கொள்ளும் ஒரு வழக்கம் உண்டு: பத்திரத்தில் உள்ள பெயர் அட்டையில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக இருக்கக் கூடாது. அட்டையில் ராமசாமி கணேசன், பத்திரத்தில் ஆர். கணேசன் என்றால் பொருத்திப் பார்க்க இடமுண்டு. பத்திரத்தில் வரும் பிள்ளையை அட்டையில் காணோம் என்றால் நல்ல நோட்டரி சான்று கொடுக்கமாட்டார். ஊர் வக்கீலுக்குப் பாஸ்போர்ட் நகலை முன்கூட்டியே அனுப்பி, அதில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லி, பட்டாவில் உள்ள பெயரைப் பத்திரத்தின் உள்ளே விவரிக்கச் சொன்னால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

மொழியும் இப்படித்தான். பத்திரம் தமிழில் இருந்தாலும் தமிழ் தெரியாத கலிபோர்னிய நோட்டரி கையெழுத்துக்குச் சான்று கொடுக்கலாம். அவர் உறுதிசெய்வது கையெழுத்தையும் ஆளையும் மட்டுமே. ஆனால் வந்தவரோடு அவர் நேரடியாகப் பேசிப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். மகனோ மருமகளோ இடையில் நின்று மொழிபெயர்ப்பதை அந்த மாநிலத்தின் கையேடு ஏற்பதில்லை. காரணம் சரியானதே: எழுபது வயதுத் தாய் தன் வீட்டை மகன் பெயருக்கு மனமொப்பி எழுதுகிறாரா என்ற கேள்விக்கு, மகன் வாயால் வரும் பதில் பதிலாகாது. தமிழ் பேசும் நோட்டரி ஒருவர் அந்த ஊரில் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். “அம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா? நீங்களாகத்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா?” என்று அவர் நேராகக் கேட்கலாம். அம்மா தயங்கினால் பேனாவை மூடி வைக்கலாம்.

அப்படிப்பட்டவர் தமிழ்ச் சங்க மலரில் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் கலிபோர்னியாவில் அதற்கும் விதி உண்டு. ஆங்கிலம் அல்லாத மொழியில் விளம்பரம் செய்யும் நோட்டரி, தாம் வழக்கறிஞர் இல்லை, குடியேற்றம் பற்றியோ வேறு எந்தச் சட்ட விஷயம் பற்றியோ ஆலோசனை தர முடியாது என்று ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் எழுதி, கட்டணத்தையும் போட வேண்டும். லத்தீன் அமெரிக்க மக்கள் பட்ட அடிகளிலிருந்து பிறந்த விதி இது. மெக்சிகோவில் ‘நோத்தாரியோ’ என்றால் உயர் தகுதி பெற்ற சட்ட வல்லுநர். அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவைத்து, குடியேற்ற விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று பணம் பறித்தவர்களால் எத்தனையோ குடும்பங்கள் நாடு கடத்தும் நடவடிக்கை வரை போயிருக்கின்றன. கலிபோர்னியா, டெக்சஸ் உட்படப் பல மாநிலங்கள் அந்தச் சொல்லை விளம்பரத்தில் தடை செய்திருக்கின்றன. ஊரில் நோட்டரி என்றால் வக்கீல் என்றே பழகிய நம்மவரும் அதே இடத்தில் ஏமாறக் கூடியவர்கள்.

பதிவேடு பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கலிபோர்னிய நோட்டரி ஒவ்வொரு சான்றையும் வரிசையாகப் பதிவேட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், பத்திரத்தின் வகை, அடையாள அட்டையின் எண், வாங்கிய கட்டணம், வந்தவரின் கையெழுத்து. வீடு, நிலம் தொடர்பான பெரும்பாலான பத்திரங்களுக்கும் பவர் பத்திரத்துக்கும் வலது பெருவிரல் ரேகையும் பதிய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் பதித்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. ரேகை வாங்கத் தவறினால் 2,500 டாலர் வரை அபராதம். முதலாளி பணம் கட்டி வாங்கித் தந்திருந்தாலும் பதிவேடும் முத்திரையும் நோட்டரிக்கே சொந்தம்; வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போகும். நியூயார்க் 2023 ஜனவரியில்தான் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியும் 2021-ல் இயற்றிய சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. புளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் காகிதப் பத்திரங்களுக்கு இன்றும் கட்டாயமில்லை. இது பெரிய ஓட்டை. ஐந்து ஆண்டு கழித்து, அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று ஒருவர் வழக்குப் போட்டால், பதிவேடு இல்லாத நோட்டரியிடம் மறந்துபோன நினைவைத் தவிர வேறு சாட்சியம் இருக்காது. உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் பதிவேடு வையுங்கள்.

நேரில் காணாமல் முத்திரை வைத்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா 2010-ல் பார்த்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகளைப் பறிக்க, கடன் நிறுவனங்கள் நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான அபிடவிட்டுகளைத் தாக்கல் செய்தன. அவற்றில் கையெழுத்திட்ட ஊழியர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. நோட்டரிகளோ அவர்கள் கையெழுத்திடுவதைப் பார்க்காமலே கட்டுக் கட்டாக முத்திரை குத்தினார்கள். விஷயம் வெளியே வந்ததும் பல நிறுவனங்கள் பறிமுதல் நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தன. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் சுமார் 2,500 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தன. மேலதிகாரி சொன்னார் என்பதற்காக ஆளைக் காணாமல் முத்திரை வைத்த சிற்றூழியர்கள் ஒவ்வொருவரும் தம் மாநிலச் சட்டத்தை மீறியவர்கள். அலுவலகத்துக்காக நோட்டரி ஆகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்: முத்திரை விஷயத்தில் முதலாளிக்கு உங்கள் மேல் அதிகாரம் இல்லை.

மாநிலச் சட்டங்களை ஒரே போக்கில் கொண்டுவரும் முயற்சியும் நடக்கிறது. ஒரே சீரான சட்ட வரைவுகளை எழுதும் ஆணையம் 2010-ல் நோட்டரிகளுக்கான திருத்திய மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைத் தழுவித் தம் சட்டங்களை மாற்றியிருக்கின்றன. வீடியோ வழியே சான்று கொடுப்பதற்கு வர்ஜீனியா 2011-ல் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. கொரோனாக் காலத்தில் மற்ற மாநிலங்கள் வேகமாகப் பின்தொடர்ந்தன. கலிபோர்னியா 2023-ல் சட்டம் இயற்றினாலும், அங்கே நோட்டரிகள் அதைச் செய்யத் தொடங்க 2030 வரை ஆகலாம். இந்த முறையில் நோட்டரி தம் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவர் வேறு எங்கும் இருக்கலாம். அடையாளத்தை உறுதிசெய்யப் பல மாநிலங்களில் அமெரிக்கக் கடன் வரலாற்றிலிருந்து கேள்விகள் கேட்கிறார்கள். அங்கே வங்கிக் கணக்கே இல்லாத பெற்றோர் அந்தக் கேள்விகளில் தேற வழியில்லை. ஊரில் சொத்து வைத்திருக்கும் முதியவர்களுக்குக் காகிதமும் நேரில் வரும் நோட்டரியும் இன்னும் பல காலத்துக்குத் தேவைப்படும்.

வருமானம் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. ஒரு கையெழுத்துக்கு வாங்கக்கூடிய உச்சக் கட்டணத்தைச் சட்டமே வரையறுக்கிறது: கலிபோர்னியாவில் 15 டாலர், புளோரிடாவில் 10, நியூயார்க்கில் 2. அதற்கு மேல் கேட்டால் நியமனம் பறிபோகலாம். வீட்டுக்கு வந்துபோகும் செலவைப் பல மாநிலங்களில் முன்கூட்டியே பேசித் தனியாக வாங்கலாம். வீட்டுக் கடன் கையெழுத்து வேலை எடுப்பவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். ஆனால் வட்டி விகிதம் ஏறும்போது அந்த வேலை வற்றிவிடும். இதை நம்பி வேலையை விடச் சொல்லும் பயிற்சி விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

நோட்டரியின் முத்திரையோடு இந்தியாவுக்கு வரும் பவர் பத்திரத்தின் பயணத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இந்தியப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவரின் பவரை நோட்டரியோ இந்தியத் தூதரக அதிகாரியோ உறுதிசெய்யலாம் என்கிறது. நோட்டரி வழியைப் பிடித்தால், அந்த நோட்டரியை நியமித்த மாநிலத்தின் செயலாளர் அலுவலகத்தில் அப்போஸ்டில் என்ற சான்றுத் தாளை வாங்குவது வழக்கம். நியூயார்க்கில் அதற்கு முன் கவுன்ட்டி கிளார்க்கின் சான்றும் வேண்டும். அமெரிக்கா 1981-லும் இந்தியா 2005-லும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தன. அந்தத் தாள் உறுதிப்படுத்துவது நோட்டரியின் கையெழுத்தையும் பதவியையும் மட்டுமே. பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். கலிபோர்னியச் சான்றின் தலையில் 2015 முதல் ஒரு கட்டம் அச்சாகிறது: இந்த நோட்டரி உறுதிசெய்வது கையெழுத்திட்டவரின் அடையாளத்தை மட்டுமே, பத்திரத்தின் உண்மையையோ செல்லுபடியையோ அன்று. அதைப் பார்த்துவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாராவது தயங்கினால், அந்த மாநிலத்தின் எல்லா நோட்டரிச் சான்றிலும் அந்தக் கட்டம் இருக்கும் என்று வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நோட்டரி ஆக எண்ணும் தமிழரிடம், குறிப்பாக முதிய பெற்றோர் வந்துபோகும் ஊர்களில் வாழ்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். அவசியம் ஆகுங்கள்; உங்கள் மொழி தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பது அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்கள் மாநிலத்தில் நோட்டரிகளை நியமிக்கும் அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ள கையேட்டையும் சட்டத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துவிடுங்கள். சட்டம் அடிக்கடி மாறுகிறது. பதவியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி படியுங்கள்.